புருவம் இல்லாத வாத்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், புதுப் படத்தில் வந்த வாத்துக்குப் புருவமே இல்லை. புருவம் இல்லாமல் ஒரு வாத்து எப்படிக் கோபப்படும், எப்படிச் சந்தேகப்படும்? பழைய படத்தில், அதாவது கையால் வரைந்த பொம்மைப் படத்தில், அதற்குக் கனத்த புருவம் இரண்டு உண்டு. இளவரசி பொய் சொன்னால் ஒன்று மட்டும் மெல்ல மேலே ஏறும். அதைப் பார்த்தே நான் சிரித்துப் புரண்டிருக்கிறேன். நிஜ மனிதர்களை வைத்து அதே கதையை மறுபடியும் எடுத்தபோது வாத்தையும் நிஜ வாத்தாகவே ஆக்கிவிட்டார்கள். குளத்தில் சிவனே என்று நீந்திக்கொண்டிருந்த ஒன்றைப் பிடித்து வந்து வசனம் பேசவைத்ததுபோல் இருந்தது. பத்து வயதில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தக் கோபத்தில் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பழைய படம் எங்கள் வீட்டில் ஒரு டிவிடி வட்டத் தகடாக இருந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் அம்மா வாங்கியது. தமிழில் பேசும் படம். கதை இவ்வளவுதான்: ஒரு சூனியக்காரி ஊர் மணிக்கூண்டில் இருக்கும் கடிகாரத்தை நிறுத்திவிடுகிறாள். கடிகாரம் நின்றதும் ஊரில் யாரும் வளர்வதில்லை, எதுவும் மாறுவதில்லை. "மாவு ஆட்டி வெச்சாக்கூடப் புளிக்காது, கண்ணு. அப்புறம் தோசைக்கு எங்க போறது?" என்று அம்மா விளக்கியபோதுதான் அந்த ஊரின் கஷ்டம் எனக்கு முழுதாகப் புரிந்தது. பச்சைக் கவுன் போட்ட இளவரசி, வாத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கூண்டின் படிகளில் ஏறிப் போய்க் கடிகாரத்தை ஓடவைக்க வேண்டும்.

அந்தத் தகட்டில் ஒரு கோளாறு இருந்தது. இளவரசி முதல் படியில் கால் வைத்ததும் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும். கொஞ்ச நேரம் கரகரவென்று முனகும். பிறகு பார்த்தால் இளவரசி கூண்டின் உச்சியில் நிற்பாள். நடுவில் நடந்தது என்ன என்று யாருக்கும் தெரியாது. அம்மா அந்த இடைவெளியை விட்டுவைக்கவில்லை. படம் நின்றதும் அவளே கதையைக் கையில் எடுத்துக்கொள்வாள்.

"ஏழாவது படி வந்ததும் இளவரசிக்குக் காலெல்லாம் கடுகடுன்னு வலிச்சுப்போச்சு. 'வாத்தே வாத்தே, இனி ஒரு எட்டுக்கூட என்னால ஆவாது'ன்னு உக்காந்துட்டா. வாத்து என்ன பண்ணுச்சு? எறக்கைக்குள்ள கைய உட்டு, சூடா ஒரு கச்சாயத்த எடுத்துக் குடுத்துச்சு. அதத் தின்னுபோட்டுத்தான் மிச்சப் படியெல்லாம் ஏறுனா."

கச்சாயம் என்பது மாவையும் வெல்லத்தையும் கரைத்து எண்ணெயில் சுட்டெடுக்கும் எங்கள் பக்கத்துப் பலகாரம். வாத்துக்கு ஏது கை, சீமை இளவரசிக்கு ஏது கச்சாயம் என்றெல்லாம் நான் கேட்டதே இல்லை. அது படத்தில் இருக்கிறது என்றே நம்பினேன். அம்மா சொல்லச் சொல்ல, அந்த உடைந்த சதுரங்களுக்குப் பின்னால் இளவரசி படியில் உட்கார்ந்து கச்சாயம் பிட்டுத் தின்பது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. வாத்தின் புருவம்கூடத் தெரிந்தது.

நான் இரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் அம்மா காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்கவே இல்லை. அதைப் பற்றி அதிகம் சொல்ல என்னால் ஆகாது. தகடு மட்டும் டிவிக்கு அடியில் அதே உறைக்குள் கிடந்தது. அப்பா அதைத் தொடமாட்டார். நானும் தொடவில்லை. படியில் படம் நின்றால் யார் கதை சொல்வது?

அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை அளந்து வெட்டுகிற மனுசர், பேச்சையும் அப்படித்தான் வெட்டுவார். இரண்டு வருடம் கழித்து ஒரு தை மாதம், அப்படியே மென்று விழுங்கி, "சின்னம்மா வருவாங்க கண்ணு" என்றார். வந்தாள். முப்பத்து நாலு வயது. ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று தள்ளித் தள்ளிப் போட்டே வயது போனவள். எனக்கு மாற்றாந்தாய். வந்த அன்று என் கன்னத்தைத் தொடக் கை நீட்டினாள். நான் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டேன். செருப்பில் வாரே கிடையாது.

கல்யாணப் பந்தியில் வைத்துத்தான் அத்தை அந்தப் பேச்சைப் பேசினாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. சோமனூரில் தறி ஓட்டும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். தறிச் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை, ரகசியம் என்பதே அவளுக்கு வராது.

"இதா பாரு தம்பி, எல்லாரு முன்னாலயும் சொல்லிப்போடறேன். முழுப்பரிச்சை லீவு முடியற வரைக்கும் பாப்போம். புள்ள இவகூட ஒட்டுனா சரி. ஒட்டலீன்னா நாங் கூட்டிட்டுப் போயி எம்பட புள்ளைகளோட சேத்தி வளத்திக்கறேன்."

அப்பா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மா, மாலையும் கழுத்துமாக, பரிமாறிய லட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கோ ஒரே குஷி. சோமனூரில் அத்தை பிள்ளைகள் மூன்று பேர், ஒரு நாய், ஒரு கொய்யா மரம். நான் போய்விட்டால் சொந்தக்காரர்கள் சின்னம்மாவை என்ன சொல்வார்கள், ஒரு பிள்ளையை வைத்துப் பார்க்கத் துப்பில்லாதவள் என்று எத்தனை விசேஷங்களில் எத்தனை வாய் பேசும் என்பதெல்லாம் என் மண்டையில் ஏறுகிற வயதா அது? நான் பாட்டுக்குக் கொய்யா மரத்தை நினைத்துக்கொண்டு லட்டைத் தின்றேன்.

நாலு மாதம் நான் அவளோடு நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் அப்பா வழியாகத்தான். அவள் கரண்டியோடு எதிரிலேயே நிற்பாள், நான் அப்பாவைப் பார்த்து, "அப்பா, சாம்பார் போதும்னு சொல்லுங்ப்பா" என்பேன். அப்பா, "போதுமாமா" என்பார். "செரிங்க" என்று அவளும் அப்பாவைப் பார்த்தே சொல்லுவாள். ஒரு கரண்டி சாம்பாருக்கு இத்தனை ஆள் வேலை பார்த்தோம். அப்பா ஷிஃப்டுக்குப் போய்விட்டால் சுவரிடம் சொல்லுவேன். சுவரில் தொங்கிய மாதக் காலண்டர் என் பசியை எல்லாம் அறியும்.

சின்னம்மாவும் பனியன் கம்பெனிதான். செக்கிங்கில் இருந்தாள். ஒப்புதல் வாங்கிய சாம்பிள் பீஸைப் பக்கத்தில் தொங்கவிட்டு, தைத்து வருகிற ஒவ்வொரு சட்டையையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை. நாள் முழுக்க நின்றபடி பார்க்க வேண்டும். தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறையா, நிறம் மாறியிருக்கிறதா. குறை கண்ட இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவள் விரல் நுனிகளில் பசை பிசுபிசுக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

அந்த அம்பை எனக்கு முன்பே நன்றாகத் தெரியும். குறைச் சரக்கு விற்கும் செகண்ட்ஸ் கடையில் சல்லிசாக வாங்கிவரும் சட்டைகளில் எங்கேயாவது ஒரு மூலையில் அது ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நான் கண்டுபிடித்து வைத்திருந்த சட்டம் இது: சிவப்பு அம்பு ஒட்டினால் அது கழித்த சரக்கு. ஆகாது, வேண்டாம், வெளியே போ. அவ்வளவுதான் அர்த்தம்.

முழுப்பரீட்சை லீவு வந்தது. அந்த லீவில்தான் புதுப் படமும் வந்தது. பேருந்து நிறுத்தச் சுவரில் பெரிய சுவரொட்டி. அதே மணிக்கூண்டு, அதே இளவரசி, ஆனால் நிஜப் பெண். அன்று சாயங்காலம் சின்னம்மா அப்பாவிடம் சொன்னாள், அதாவது எனக்குக் கேட்கிற மாதிரி. "ஏனுங்க, கண்ணு எப்பவோ பாக்கும்னு சொன்னீங்களே, அந்தப் படம் புதுசா வந்திருக்குதாமுங்க. ஞாயித்துக்கெழம எனக்கு ஓவர்டைம் இருக்குது. வேண்டாம்னு சொல்லிப்போட்டுக் கூட்டிட்டுப் போறனுங்க." ஷிப்மெண்ட் நேரத்தில் செக்கிங் ஆள் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்று சொல்வது சாமானியப்பட்ட விஷயமில்லை. சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசியிருப்பாள். அதுவும் எனக்கு அப்போது தெரியாது.

எனக்குப் படம் பார்க்க ஆசையாகவும் இருந்தது, அவளோடு போகப் பிடிக்கவும் இல்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். பார்க்கப் போகவில்லை, செக்கிங் பண்ணப் போகிறேன் என்று முடிவு செய்தேன். அம்மா வாங்கிய படம்தான் ஒப்புதல் சாம்பிள். புதுசு என்ன லட்சணத்தில் வந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது. சின்னம்மாவின் சாப்பாட்டுப் பையில் அரைத்தாள் அம்பு ஸ்டிக்கர் கிடந்தது. எடுத்துப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டேன்.

தியேட்டரில் கூட்டமான கூட்டம். அவள் என் கையைப் பிடிக்க வந்தாள், நான் அந்தக் கையைத் தலை சொறியக் கொடுத்துவிட்டேன். முப்பரிமாணத்தில் பார்க்கக் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள், அது என் மூக்கில் நிற்காமல் வழுக்கியது. சின்னம்மா அதன் இரண்டு காதையும் ஒரு ரப்பர் பேண்டால் பின்பக்கம் கட்டிவிட்டாள். பக்கத்து இருக்கைகளில் ஒரு வடக்கத்திக் குடும்பம். தமிழ் ஒரு சொல் புரியாமலேயே எங்கள் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்கள்.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே வாத்து வந்தது. அதன் லட்சணத்தைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். முன் இருக்கையின் முதுகில் ஓர் அம்பு ஒட்டினேன். அடுத்து இளவரசி கவுன் போட்டு வந்தாள். என் படத்தில் அது கிளிப்பச்சை, கண்ணைப் பறிக்கும். இங்கே பாசி படிந்த தொட்டி மாதிரி ஒரு பச்சை. "கலரே வேற" என்று காலண்டர் இல்லாத குறைக்கு இருட்டைப் பார்த்துச் சொன்னேன்.

"ஆமா கண்ணு, ஷேடு எறங்கிப்போச்சு" என்று காதருகே சின்னம்மா கிசுகிசுத்தாள். "எங்க கம்பெனியா இருந்தா மொத்த லாட்டையே திருப்பி உட்டிருப்பாங்க."

எனக்கு எரிச்சலாகிவிட்டது. என் பக்கம் பேச அவள் யார்? அந்தப் பச்சை அவ்வளவு மோசமில்லையோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இருந்தாலும் விட்டுக்கொடுக்காமல் இரண்டாவது அம்பையும் ஒட்டினேன்.

அடுத்த குறை சூனியக்காரி. பழைய படத்தில் அவள் கெட்டவள், அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதுபோலக் கெட்டது செய்வாள். புதுப் படத்தில் அவளுக்கு ஒரு கதை வைத்துவிட்டார்கள். அவளுக்கு ஒரு மகள் இருந்தாளாம். வளர்ந்ததும் படகேறிப் போனவள் திரும்பி வரவே இல்லையாம். எந்தப் பெண்ணும் வளர்ந்து வீட்டை விட்டுப் போய்விடக்கூடாது என்றுதான் கடிகாரத்தை நிறுத்தினாளாம். இது என்ன நியாயம்? கெட்டவளுக்கெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தால் யாரைத்தான் திட்டுவது? திரும்பிப் பார்த்தால் சின்னம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியை மட்டும் துடைத்த மாதிரி தெரியவில்லை. சூனியக்காரிக்காக அழுகிறாளே என்று எனக்குப் பகீரென்றது. மூன்றாவது அம்பு.

அப்புறம் படிக்கட்டு வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாத்து, கவுன், சூனியக்காரி எல்லாவற்றையும் மன்னித்துவிடத் தயாராக இருந்தேன், இந்த ஓர் இடம் சரியாக வந்தால் போதும். அம்மா போன பிறகு அந்தப் படியை நான் பார்க்கப்போவது அன்றுதான் முதல் தடவை. இளவரசி ஏறினாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஏழாவது படியில் கால் வைத்தாள். எட்டாவதுக்குப் போனாள். அவள் பாட்டுக்கு மேலே மேலே போய்க்கொண்டே இருந்தாள்.

"உக்காரவே இல்ல! கச்சாயம் எங்க?" என்று நான் எழுந்து நின்று கத்தினேன்.

தியேட்டரே சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தர், "பாப்பா, கச்சாயம் கேண்டீன்லகூடக் கிடைக்காது, பாப்கார்ன்தான்" என்றார். மறுபடியும் சிரிப்பு. அந்த இளவரசி ஏழாவது படியில் உட்காராமல் போனதில், அம்மாவையே யாரோ அழித்துவிட்டதுபோல் இருந்தது. அப்போது அப்படிச் சொல்லத் தெரியவில்லை, ஏங்கி ஏங்கி அழத்தான் தெரிந்தது.

சின்னம்மா சிரிக்கவில்லை. என்னை இழுத்து உட்காரவைத்து, தோளைச் சுற்றிக் கை போட்டு, "உக்காரு சாமி, உக்காரு" என்றாள். படம் எடுத்தவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது இவள்தான். அம்மா இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிற ஆள். எதுவும் அசலைப்போல இல்லை, இவளும் இல்லை. பையில் இருந்த தாளிலிருந்து ஓர் அம்பை உரித்தேன். அவள் இடது தோளின் பின்பக்கம், ரவிக்கையின் மேல், கட்டை விரலால் அழுத்தி ஒட்டினேன். கழித்துவிட்டேன், அவ்வளவுதான். சின்னம்மா ஒரு நொடி அசையாமல் இருந்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை என்று எனக்கு ஒரே நிம்மதி.

திரும்பும்போது பல்லடம் ரோட்டுப் பேருந்தில் நெரிசல். எனக்கு ஓர் ஓரத்து இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவள் எனக்கு முதுகைக் காட்டியபடி கம்பியைப் பிடித்து நின்றாள். என் கண்ணுக்கு நேராகச் சிவப்பு அம்பு. வழி நெடுக அதைப் பார்த்துக்கொண்டு வந்தேன். முதலில் ஜெயித்த மாதிரி இருந்தது. நிறுத்தம் நெருங்க நெருங்க வேறு நினைப்பு வந்தது. யாராவது அதைப் பார்த்துச் சொல்லிவிட்டால் அப்பாவிடம் என்ன ஆகும்? வீட்டுக்குள் நுழைந்து விளக்கைப் போட்டபோது அவள் தோளில் அம்பு இல்லை. பேருந்தை விட்டு இறங்கும் நெரிசலில் எங்கேயோ உரசி விழுந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள், கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "கண்ணு, நான் பின்னறப்ப இழுக்குதா? வலிக்குதா?"

இதுவரை கேட்காத கேள்வி. நான் காலண்டரிடம், "வலிக்குது" என்றேன். அன்றிலிருந்து தேங்காய் எண்ணெய் தொட்டு, நுனியிலிருந்து மெதுவாகச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள். இரண்டு நாள் கழித்து, "ரசம் காரமா இருக்குதா, கண்ணு?" என்றாள். மிளகைப் பாதியாகக் குறைத்தாள். இன்னொரு நாள், "நானு கூப்படறது ரொம்பச் சத்தமா இருக்குதா?" என்றுகூடக் கேட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தை வரும் நாள் நெருங்குகிறதல்லவா, பயந்துகொண்டு தாஜா பண்ணுகிறாள் என்று பெரிய மனுஷி மாதிரி முடிவு கட்டினேன். சரி, கேட்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம் என்று ஒருநாள் துணிந்து, முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"நசுங்குன டம்ளரு எங்கம்மாளுது. அதுல நீங்க தண்ணி குடிக்காதீங்க."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "அய்யோ சாமி, எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள். அந்த டம்ளரைப் புளி போட்டுத் துலக்கி, துடைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்கு அன்றெல்லாம் உறுத்தியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டில் விளையாடிவிட்டு நான் உள்ளே வந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. என் படம்! கிளிப்பச்சைக் கவுன். சின்னம்மா ரிமோட்டோடு தரையில் உட்கார்ந்து, படி வரும் இடத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இளவரசி கால் வைப்பாள், படம் சதுரமாக உடையும், உச்சியில் நிற்பாள். மறுபடி பின்னால் ஓட்டுவாள். சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்களே, அப்படிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். யாரைக் கேட்டு என் படத்தைத் தொட்டாள் என்று சண்டைக்குத்தான் நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"வா கண்ணு. இங்க படம் நின்னு போவுது. என்ன நடந்துச்சுன்னே தெரியல. நீதான் சொல்லோணும்."

நான் நின்றேன். அவளே ஏதாவது கதை கட்டி அந்த இடத்தை நிரப்பியிருந்தால் நான் அப்படியே வெளியே ஓடியிருப்பேன். அவள் நிரப்பவில்லை. ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவி கரகரவென்று முனகியது.

"ஏழாவது படி வந்ததும்," என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "இளவரசிக்குக் காலெல்லாம் கடுகடுன்னு வலிச்சுப்போச்சு..."

கச்சாயம் வரைக்கும் விடாமல் சொன்னேன். வாத்து இறக்கைக்குள் கையை விட்ட இடத்தில் அவள் சிரித்தாள். "சூடாவா இருந்துச்சு?" என்று கேட்டாள். "சூடாத்தான்" என்றேன். சொல்லி முடித்தபோது இளவரசி சரியாக உச்சியில் வந்து நின்றாள். அம்மா சொல்லும்போதும் அப்படித்தான், கணக்காக வந்து நிற்பாள். மீதிப் படத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்தோம். நான் அவளிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு கைதான்.

அந்த வியாழக்கிழமை அத்தை வந்துவிட்டாள். என் துணிகளைச் சின்னம்மாவே துவைத்து, தேய்த்து, மடித்து ஒரு பையில் அடுக்கி வைத்திருந்தாள். மேலே புது ரிப்பன் இரண்டு, ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய். அப்பா வழக்கம்போல் தரையை அளந்துகொண்டிருந்தார். சின்னம்மா சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளேயும் போகாமல், வெளியேயும் வராமல்.

"என்ன சாமி, போலாமா?" என்றாள் அத்தை. தெருவுக்கே கேட்டது.

கொய்யா மரம் ஞாபகம் வந்தது. நாய் ஞாபகம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது.

"இல்லீங் அத்தை. ஞாயித்துக்கெழம படம் பாக்கோணும். படியில படம் நின்னா நான்தான் கதை சொல்லோணும். சின்னம்மாளுக்கு அந்தக் கதை தெரியாது."

அத்தைக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. "என்ன படம், என்ன படி?" என்று அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் சின்னம்மா என்று வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று அவர் எண்ணி வைத்திருப்பார் போல, மூக்கை உறிஞ்சினார். சின்னம்மாவை நிலைப்படியில் காணோம். உள்ளே குழாய் ஓடும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. ஒரு டம்ளர் கழுவ இவ்வளவு தண்ணீரா என்று நினைத்தேன். அத்தைக்கு வந்த காப்பியில் சர்க்கரையே இல்லை. அத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் ஒன்றும் பேசாமல் முழுதும் குடித்தாள். அந்தத் தொண்டை அடங்கி நான் கண்டது அன்று ஒருநாள்தான்.

அதன் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் படத்தைப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் படியில் படம் நிற்கும், ஒவ்வொரு தடவையும் சின்னம்மா ஒன்றுமே தெரியாதவள்போல என் வாயைப் பார்ப்பாள். கல்லூரி போன பிறகு ஒருநாள் அந்தப் படம் பழுதில்லாமல் முழுதாகக் கைப்பேசியில் கிடைத்தது. இளவரசி விடுவிடுவென்று படியேறிப் போகிறாள், எங்கேயும் உட்காரவில்லை. புதுப் படத்துக்காரர்கள் பாவம், அந்த ஓர் இடத்தை அசலில் உள்ளபடிதான் எடுத்திருந்தார்கள். அவர்கள்மேல் ஒட்டிய அம்புகளில் ஒன்றை மானசீகமாக உரித்தெடுத்துவிட்டேன். வாத்து விஷயத்தில் மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

போன வருடம் படிப்பு முடிந்து நானும் ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் சேர்ந்தேன். முதல் நாள் பயிற்சியில், பொத்தான் போகிற இடத்தில் தைக்கவே முடியாதபடி கிழிந்திருந்த ஒரு சட்டையில் நான் அம்பு ஒட்டினேன். செக்கிங் அக்கா வெடுக்கென்று பிடுங்கினாள். "ஏம்மா, கழிக்கற பீஸுக்கு யாராச்சும் அம்ப வீணாக்குவாங்களா? அத நேராத் தூக்கிக் கூடைல போடு. சரி பண்ணீரலாம்னு தோணற பீஸுக்குத்தான் அம்பு. டெய்லரு அதப் பாத்துத்தான் ஆல்டர் பண்ணித் தருவாரு." செகண்ட்ஸ் கடை வழியாக எங்கள் வீட்டுக்கு வந்தவை, அப்படிச் சரிபண்ணியும் தேறாமல் போன சட்டைகளாம். அதைக் கண்டு அல்லவா நான் சட்டம் போட்டிருந்தேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது சின்னம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் இரண்டு உரித்தேன். பிறகு கேட்டேன். "சின்னம்மா, அன்னைக்கு சினிமாக் கொட்டாயில உங்க தோள்ல ஒரு அம்பு ஒட்டுனேன். தெரியுமாங்க?"

"ஏந் தெரியாம? தெனமும் அம்பு ஒட்டுற கை இது. தோள்ல ஒட்டுனாத் தெரியாதா? பஸ்ஸுல ரெண்டு பொம்பளைங்க காதோரமாச் சொல்லக்கூடச் சொன்னாங்க. இருக்கட்டும், எங்கண்ணு ஒட்டுனதுன்னேன். ஊட்டுக்குள்ள வந்து, வெளக்குப் போடறதுக்கு முன்னாலதான் எடுத்தேன்."

"கோவம் வரலீங்களா?"

"கோவமா?" வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "படம் உட்டு வர்றப்ப எனக்கு எத்தன சந்தோசம் தெரியுமா? நாலு மாசமா நீ என்ன ஏறெடுத்தும் பாக்கல. நம்மளக் கழிச்சுப்போட்டா, அத்தைகூடப் போயிருவாள்னு மனசு உட்டுப்போயிட்டேன். அன்னைக்குத்தான் அம்பு ஒட்டுன. அப்பாடா, புள்ள நம்மளக் கழிக்கல, எங்கியோ சரி பண்ணோணும்னு சொல்லுதுன்னு நெனச்சேன். எங்கன்னுதான் தெரியாமப் போச்சு. அதான் ஒண்ணொண்ணாக் கேட்டுப் பாத்தேன்."

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. நல்லவேளை, கையில் வெங்காயம் இருந்தது. கழிப்பதற்காகத்தான் அன்று அந்த அம்பை ஒட்டினேன் என்பதை நான் இதுவரை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியாது என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.